மறுக்க முடியாத இடத்தில் ஒரு விற்பனை

2024 செப்டம்பரில் டப்பர்வேர் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. அதையொட்டி வந்த அஞ்சலிகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. நிறுவனம் சறுக்கியிருக்கலாம், ஆனால் வீட்டுக் கூடத்தில் நாலு பேரைக் கூட்டி, பொருளைப் பயன்படுத்திக் காட்டி விற்கும் முறை பெண்களுக்குச் செய்த நன்மை பெரியது என்பதே அது. அந்த முறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பா இருந்த இடத்தில் இப்போது லட்சம் ரூபாயைத் தாண்டும் சமையல் இயந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், டெமோ கொடுத்தால் போதும்’ என்ற அழைப்பு வரும்போது, சரி என்று சொல்வதா வேண்டாம் என்று சொல்வதா எனப் பல பெண்கள் யோசிக்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பாராட்டுரையை மட்டும் வைப்பது நியாயமில்லை.

முறைக்கு உரிய பெருமையை மறுக்க வேண்டியதில்லை. ஏர்ல் டப்பர் 1940களில் சந்தைக்குக் கொண்டுவந்த கிண்ணம் கடை அலமாரியில் சரியாக விற்கவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றும் வித்தையை யாராவது செய்து காட்டினால்தான் அதன் அருமை புரிந்தது. அதைப் புரிந்துகொண்டவர், அந்தக் கிண்ணங்களை வீட்டுப் பார்ட்டிகளில் விற்ற பிரௌனி வைஸ். மகனைத் தனியாக வளர்த்த அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டு, 1951-இல் டப்பர் கடைகளிலிருந்தே சரக்கைத் திரும்பப் பெற்றார். ஜெர்மனியின் ஃபோர்வெர்க் நிறுவனம் தெர்மோமிக்ஸை விற்பதும் இதே தர்க்கத்தில்தான். அரைத்து, கிளறி, வேகவைத்து, எடையும் போடும் ஒரு பாத்திரத்தை அட்டைப்பெட்டிப் படத்தை வைத்து விளக்க முடியாது. வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்ணின் கையில் இந்த வழியாகப் பணம் வந்ததும் உண்மை.

குறை டெமோவில் இல்லை, அது நடக்கும் இடத்தில் இருக்கிறது.

தீவுத்திடல் பொருட்காட்சியில் காய் நறுக்கும் கருவியைக் கூவி விற்பவர் முன்னால் கூட்டம் நிற்கும். “கருணைக்கிழங்கைச் சீவிக் காட்டுப்பா” என்று ஒருவர் குரல் கொடுப்பார். சீவத் திணறினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விற்பவருக்கும் வருத்தமில்லை, அடுத்த கூட்டம் வரும். அங்கே டெமோ என்பது உண்மையான சோதனை.

அதே டெமோ ஒரு அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் நடக்கும்போது என்ன ஆகிறது? சர்க்கரை சில நொடிகளில் மாவாகிறது. உறையவைத்த மாம்பழத் துண்டுகள் ஐஸ்கிரீம் பதத்துக்கு வருகின்றன. சப்பாத்தி மாவு தானே பிசைந்துகொள்கிறது. கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுச் சுழற்றினால் பாத்திரமும் கழுவியாகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் விற்பவரின் ஓரகத்தி, கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி, மகளின் வகுப்புத் தோழியுடைய அம்மா. அவர்களில் ஒருவருக்கு நியாயமான சந்தேகம் ஒன்று இருக்கும். 2.2 லிட்டர் கிண்ணத்தில் ஒரு வாரத்துக்கான இட்லி மாவை எத்தனை தவணையாக அரைப்பது? பிளேடில் அரைத்த உளுந்து, கல்லில் அரைத்தது போலப் பொங்கி வருமா? நம் சமையலறையில் இந்த இயந்திரத்தின் தகுதியைத் தீர்மானிக்கும் கேள்வியே இதுதான். ஆனால் அதைக் கேட்க வாய் வராது. விற்பவள் கையால் செய்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் பிழைப்பைக் குறை சொல்வதாகிவிடும். கடைசியில் ஆர்டர் படிவம் வரும்போது, “வீட்ல கேட்டுச் சொல்றேங்க” என்பதுதான் அதிகபட்ச மறுப்பு. ‘வேண்டாம்’ என்ற சொல்லை அந்தக் கூடத்தில் யாராலும் உச்சரிக்க முடியாது.

இது ஊகமல்ல. ராபர்ட் சியால்டினி, மனிதர்களை இணங்க வைக்கும் உத்திகளைப் பற்றி 1984-இல் எழுதிய நூலில், பிடித்தவர் கேட்டால் மறுக்க முடியாது என்ற விதிக்கு டப்பர்வேர் பார்ட்டியைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார். 1990-இல் ஜொனாதன் ஃப்ரென்சனும் ஹாரி டேவிஸும் வெளியிட்ட ஆய்வும், பார்ட்டி நடத்தும் பெண்ணோடு உள்ள நெருக்கம் ஒருவர் வாங்குவாரா மாட்டாரா என்பதைப் பெரிதும் பாதிப்பதாகவே கண்டது. பொருளின் தரத்துக்குக் கிடைக்க வேண்டிய தீர்ப்பில் உறவின் எடையும் சேர்ந்துவிடுகிறது.

தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்திலும் உறவை முன்வைத்துத்தான் பணம் புரள்கிறது. ஆனால் அங்கே நோட்டு இருக்கிறது, வைத்த மொய் ஒருநாள் திரும்பி வரும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். டெமோவுக்கு வந்து, முகதாட்சண்யத்துக்காக வாங்கியவருக்கு எந்த நோட்டிலும் வரவு இல்லை.

சட்டத்துக்கும் இந்த நெருக்கடி தெரிவதில்லை. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பவர் அடையாள அட்டை இல்லாமலோ முன் அனுமதி இல்லாமலோ வீட்டுக்கு வரக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அது அந்நியரிடமிருந்துதான் நம்மைக் காக்கும். நாத்தனாரிடம் யார் அடையாள அட்டை கேட்பது? ஆஸ்திரேலியாவில் கதவைத் தட்டி விற்றவரிடம் வாங்கியதை 10 வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். விற்பனைக்காக என்று முன்பே சொல்லி அழைத்து நடத்தும் பார்ட்டிகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. அழைப்பை ஏற்று வந்தவர் விரும்பித்தான் வந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. உறவுக்காரர் வீட்டு அழைப்பைத் தட்டிக்கழிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மறுக்க முடியாதவர், பிறகு புகார் சொல்லவும் முடியாதவர் ஆகிறார். விற்பனையாளராகலாமா என்று யோசிப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2018-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம், அந்நாட்டில் தெர்மோமிக்ஸை விற்ற நிறுவனத்துக்கு 46 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு அபராதம் விதித்தது. டி.எம்.31 மாடலின் மூடியால் சூடான உணவு தெறித்துக் காயம் ஏற்படக்கூடும் என்பது 2014 ஜூலையிலேயே நிறுவனத்துக்குத் தெரியும். மக்களை எச்சரிக்காமல் செப்டம்பர் வரை விற்பனை தொடர்ந்தது. அதே செப்டம்பரில் புதிய மாடல் வந்தது. சில வாரங்களுக்கு முன் கிட்டத்தட்ட 2000 டாலர் கொடுத்துப் பழைய மாடலை வாங்கியவர்கள் கொதித்தார்கள். சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு அதற்காக நிறுவனத்துக்கு ‘ஷாங்கி’ என்ற கண்டன விருதைக் கொடுத்தது. அபராதத்தை நிறுவனம் கட்டிவிடலாம். தன் வீட்டுக் கூடத்தில் தோழிக்கு அந்த இயந்திரத்தை விற்ற பெண், மறுநாள் காலை பள்ளி வாசலில் அதே தோழியைப் பார்த்தாக வேண்டும். இயந்திரத்தின் நம்பகத்தன்மைக்கு அவள் தன் முகத்தை ஜாமீனாகக் கொடுத்திருக்கிறாள். ஜாமீன் கொடுத்தவளுக்கு நிறுவனத்தின் முடிவுகளில் எந்தப் பங்கும் கிடையாது.

பிரௌனி வைஸுக்கே கிடைக்கவில்லை. 1954-இல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958-இல் டப்பர் அவரை வெளியேற்றியபோது நிறுவனத்தின் ஒரு பங்குகூட அவர் பெயரில் இல்லை. ஓராண்டுச் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை 1.6 கோடி டாலருக்கு விற்றார். இந்த முறையைக் கட்டியெழுப்பியவருக்கே இதுதான் நிலை என்னும்போது, இதைப் பெண் விடுதலை என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டாமா? ஒரு பெண்ணுக்குச் சொந்தபந்தமும் அக்கம்பக்கமும் சேர்த்து எத்தனை வீடுகள் இருந்துவிடும்? லட்ச ரூபாய் இயந்திரத்தை ஒரு வீடு இரண்டாம் முறை வாங்காது. அந்த வட்டம் முடிந்ததும், வாங்கியவர்களையே விற்பவர்களாக மாற்றும் பேச்சு தொடங்குகிறது. இதைச் சுயதொழில் என்று சொல்லவே கூடாது. தொழிலின் முதல் அவளுடைய உறவுகள். அது செலவழிந்தால் ஈடுசெய்ய எந்த நிறுவனமும் வராது.

சமையலில் கைதேர்ந்தவர், பேச்சில் வல்லவர், இயந்திரத்தையும் உண்மையாகவே விரும்புகிறவர் என்றால் டெமோவை விட வேண்டியதில்லை, கூடத்தை விட்டால் போதும். அடுக்ககத்தின் பொது அரங்கிலோ மகளிர் குழுவின் இடத்திலோ சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு சமையல் வகுப்பாக நடத்தலாம். கட்டணம் கொடுத்து வந்தவருக்கு எதையும் வாங்காமல் எழுந்து போகும் உரிமை இருக்கும். உளுந்தை அங்கேயே ஊறவைத்து அரைத்துக் காட்டலாம். ஆர்டரை அன்றைக்கு எடுக்காமல், வேண்டியவர்கள் மறுவாரம் தாங்களே கூப்பிடட்டும் என்று விட்டுவிடலாம். நிறுவனத்திடம் சேர்வதற்கு முன்பே, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கமிஷனைப் பிடித்துக்கொள்வார்களா, புதிய மாடல் வருவதை எத்தனை நாள் முன்னதாகச் சொல்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். டெமோ நடக்கும் மாலையிலேயே பணம் கட்டினால்தான் சலுகை என்று நிறுவனம் நிபந்தனை வைத்தால், அந்த வேலையை ஏற்காமல் இருப்பதே நல்லது.