எத்தனை டன் ஏத்தலாம்?

மேசையில் இருந்த விமானத்தை மாமா கையில் எடுக்கவில்லை. குனிந்து, வால் பக்கமாக எட்டிப் பார்த்தார். அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் லாரியை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர்.

"இதுல எத்தனை டன் ஏத்தலாம் மாப்ள?"

"பொம்மைதானே மாமா."

"பொம்மைன்னா சரி. கதவு வச்சிருக்கியேன்னு கேட்டேன்."

அந்தப் பொம்மைக்கு நான் ஆறு மாதம் செலவழித்திருந்தேன். பகலில் குன்னம் பக்கத்து வீட்டிலிருந்தே கம்பெனி வேலை, இரவில் உப்புத்தாளும் எம்-சீலும். இறக்கையின் கோணம், என்ஜினின் நீளம், இந்திய விமானப்படையின் சாம்பல் நிறத்துக்கு எந்த பெயின்ட்டோடு எதைக் கலப்பது என்று எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். மாமா கேட்டதை மட்டும் யோசிக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஸ்கேல் மாடல் செய்கிறவர்களிடையே 'வாட்-இஃப்' என்று ஒரு வகைமை உண்டு. கடையில் வாங்கிய கிட்டை வெட்டி ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு விமானத்தைச் செய்வது. வேறு கிட்டுகளின் உதிரிகளைச் சேர்த்தால் அதற்கு 'கிட்பேஷ்' என்று பெயர். பிளாஸ்டிக்கில் எழுதும் புனைகதை என்று இதைச் சொல்லலாம். புனைகதை என்றால் விமர்சனமும் வேண்டும் அல்லவா? என்னுடையதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் செய்ய நினைத்தது முழுக் கற்பனையும் அல்ல. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் ரஷ்யர்களும் சேர்ந்து ஒரு ராணுவப் போக்குவரத்து விமானம் செய்ய 2007இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. எம்.டி.ஏ. என்று பெயர். இரண்டு ஜெட் என்ஜின்கள், தோளில் இறக்கை, ஆங்கில டி வடிவ வால், சுமார் 20 டன் சுமை. 2012இல் ஆரம்பக்கட்ட வடிவமைப்புக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய விமானப்படைக்கு 45 விமானங்கள் என்பது கணக்கு. என்ஜின் விஷயத்தில் இழுபறி. 2016 வாக்கில் திட்டம் கைவிடப்பட்டது. மிஞ்சியவை வரைபடங்களும் கண்காட்சிகளில் வைத்த மாடல்களும்தான். அந்த விமானம் மாடலாகப் பிறந்து மாடலாகவே முடிந்துபோனது. வாட்-இஃப் ஆசாமிக்கு இதைவிட நல்ல தூண்டில் கிடைக்காது.

1/144 அளவில் பிஏஇ 146 என்ற பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தின் கிட்டை எடுத்துக்கொண்டேன். அதற்கும் உயர்ந்த இறக்கை, டி வால். நான்கு சின்ன என்ஜின்களைக் கழற்றிவிட்டு, மீந்துபோன ஏர்பஸ் ஏ320 கிட்டிலிருந்து இரண்டு பெரிய என்ஜின்களை மாட்டினேன். பின்பக்க வயிற்றை அறுத்து மேல்நோக்கிச் சரித்து, திறந்து மூடும் சரிவுக்கதவு வைத்தேன். பார்ப்பதற்கு நிஜம் மாதிரியே இருந்தது. போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். ஹார்ட்டின்கள் வந்தன.

மாமா போன பிறகு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒரு ராணுவ லாரி செய்தேன். நிஜத்தில் 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 1/144இல் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். அதைச் சரிவுக்கதவு வழியாக உள்ளே தள்ளினேன். போகவில்லை. எப்படிப் போகும்? பயணிகள் விமானத்தின் தளத்துக்குக் கீழே பெட்டி படுக்கை வைக்கும் அறை இருக்கிறது. என் கதவு அந்த லக்கேஜ் அறையில் போய்த் திறந்தது! இன்னொன்றையும் அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். பெரிய இலியுஷின்-76இன் சரக்கறை 3.45 மீட்டர் அகலம். எம்.டி.ஏ.வுக்கும் அதே குறுக்களவைத்தான் திட்டமிட்டிருந்தார்கள். பிஏஇ 146இன் வெளிவிட்டமே 3.56 மீட்டர். நான் செய்தது ராணுவ விமானத்தின் சட்டையைப் போட்ட பயணிகள் விமானம்.

நான் பார்த்த வாட்-இஃப் மாடல்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இதுதான். ஒரு நாட்டின் விமானத்துக்கு இன்னொரு நாட்டின் வட்டச் சின்னம். பயணிகள் விமானத்துக்குச் சாம்பல் பெயின்ட், ஜன்னல்களுக்குப் புட்டி. கூடவே ஒரு பத்தி முன்கதை: இன்ன வருடம் இன்ன போர் நடந்தது, இந்த விமானம் ஜெயித்துக் கொடுத்தது. மேற்பரப்பு அபாரம், ரிவெட் வரிசை துல்லியம். உள்ளே எதுவும் கிடையாது. தகவல்களால் நம்பவைக்கப் பார்க்கிற நாவலைப் படிக்கும்போது வரும் அதே அலுப்பு.

நிஜ விமானங்கள் இதைவிடத் துணிச்சலாகப் புனையப்பட்டிருக்கின்றன. நம் விமானப்படையில் சி-119 பாக்கெட் என்றொரு சரக்கு விமானம் இருந்தது. இரட்டை வால்தண்டு, இரண்டு பிஸ்டன் என்ஜின். இமயமலையின் உயரத்தில் மூச்சு வாங்கியது. என்ன செய்தார்கள்? முதுகில் ஒரு ஜெட் என்ஜினைத் தூக்கி உட்கார வைத்தார்கள். நேட் சண்டை விமானத்துக்காக பெங்களூரில் தயாரான ஆர்ஃபியஸ் என்ஜின் பாக்கெட்டின் முதுகில் ஏறியது. இதையே ஒரு மாடல்காரர் சொந்தக் கற்பனையில் செய்திருந்தால் "கொஞ்சம் ஓவர் பாஸ்" என்று சிரித்திருப்போம்.

ஏஎன்-32ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்றும் நம் வானில் பறப்பது. அது அடிப்படையில் ஏஎன்-26இன் உடம்பு. வெப்பமான, உயரமான விமானத்தளங்களுக்காக ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியுள்ள என்ஜின்களைப் பொருத்தினார்கள். பெரிய என்ஜினுக்குப் பெரிய புரொப்பல்லர். அது தரையிலும் உடம்பிலும் இடிக்கக் கூடாது என்பதால் என்ஜின்கள் இறக்கைக்கு மேலே ஏறின. அந்த விமானத்தின் விசித்திர முகத்தை யாரும் அழகுக்காக வரையவில்லை. லே போன்ற இடத்துக்கு இத்தனை டன் கொண்டுபோக வேண்டும் என்ற தேவை வரைந்த முகம் அது.

1965இல் வந்த 'தி ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' படம் இந்த விஷயத்தை அழகாகத் தொடுகிறது. பாலைவனத்தில் ஒரு சரக்கு விமானம் விழுந்துவிடுகிறது. மேலே சொன்ன பாக்கெட்டுக்கு மூத்தது, சி-82. சிதைவிலிருந்து சின்னதாக ஒரு புது விமானம் செய்யலாம் என்று ஒருவர் திட்டம் போடுகிறார். வேலை வெகுதூரம் போன பிறகுதான் அவர் மாடல் விமானங்களை வடிவமைப்பவர் என்று தெரிகிறது. கேட்டவர்களுக்கு வயிறு கலங்குகிறது. ஆனால் அந்த விமானம் எழும்புகிறது. புது விமானத்தில் அறையே கிடையாது; பிழைத்தவர்கள் இறக்கைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு பறக்கிறார்கள். எதைச் சுமக்கப் போகிறோம் என்பதிலிருந்து அதைச் செய்தவர் தொடங்கினார். நான் வால் அழகிலிருந்து தொடங்கினேன்.

சுமையிலிருந்து யோசிப்பதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள்: புருகத்காயோசாரஸ். பெரிய உடம்புக்காரன் என்று பொருள். முதலில் அதை மாமிசம் தின்னும் இனம் என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாக மாற்றினார்கள். காலெலும்பு மட்டும் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அந்த எலும்புகள் இன்று இல்லை. உதிர்ந்து போயின. ஓவியங்களும் சில பழைய புகைப்படங்களும் மட்டும் மிச்சம். அவற்றை வைத்து, பூமியில் நடந்த ஆகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இல்லாத உடம்புக்கு எடை எப்படி? பொதுவாகக் காலெலும்பின் நீளத்தையும் சுற்றளவையும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். கால் எவ்வளவு தடிமனோ அவ்வளவு எடையை அது தாங்கியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு தப்பலாம். ஆனால் கேள்வி மாமா கேட்ட அதே கேள்வி.

இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. சோழர்களை வைத்து எழுதப்படும் 'அப்படி நடந்திருந்தால்' கதைகளை நிறையப் படிக்கிறேன். கப்பல்கள் பிரம்மாண்டமாக வருகின்றன. புலிக்கொடி பறக்கிறது. 1025 வாக்கில் கடாரம் போன கப்பலில் அரிசி எத்தனை மூட்டை, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு, எந்தக் காற்றுக்காக எந்தத் துறையில் காத்துக்கிடந்தார்கள் என்று கேட்கிற கதை அபூர்வம். என் சரிவுக்கதவு போலத்தான் அவையும். திறந்தால் லக்கேஜ் அறை.

மறுபடி செய்தேன். உடம்பின் இரண்டு பாதிகளையும் பிரித்து நடுவே பட்டைகள் வைத்து அகலப்படுத்தினேன். உடனே மூக்கு பொருந்தவில்லை. தளத்தைக் கீழே இறக்கினேன், சக்கரம் மடங்க இடமில்லை. சக்கரத்தை வெளியே தள்ளி இரு பக்கமும் கன்னம் வைத்தேன். இவ்வளவு கனத்த உடம்புக்கு இறக்கை குட்டை, அதை நீட்டினேன். இறக்கை நீண்டதும் வால் சிறுத்துத் தெரிந்தது. ஒரு பொய் இன்னொரு பொய்யைக் கேட்டது. நல்ல கதை எழுதும்போதும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். முதல் விமானத்தைவிட இது அவலட்சணம். ஆனால் லாரி உள்ளே போனது.

பிறகு வாலில் எண் எழுத வேண்டிய கட்டம் வந்தது. எம்.டி.ஏ. வந்திருந்தால் ஏஎன்-32களின் இடத்துக்கு வந்திருக்கும். அதனால் பழைய ஏஎன்-32 ஒன்றின் எண்ணைப் போல ஒன்றைத் தேடினேன். தேடும்போது 2016 ஜூலை 22 எதிரே வந்தது. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, 29 பேருடன் வங்காள விரிகுடாவுக்கு மேலே காணாமல் போன நாள். ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தென்பட்டதாக அறிவித்தார்கள். சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்கள் அவை.

திட்டம் செத்த காலமும் விமானம் தொலைந்த காலமும் ஒன்றையொன்று உரசுகின்றன. வாட்-இஃப் மனசு உடனே கோடு போட்டு இணைக்கப் பார்க்கும். எம்.டி.ஏ. மட்டும் வந்திருந்தால்... நான் அதை எழுதமாட்டேன். புது விமானம் வந்திருந்தாலும் அன்று கிளம்பியது எதுவாக இருந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த 29 குடும்பங்களும் ஏழரை வருடம் 'அப்படி நடந்திருந்தால்' என்ற வாக்கியத்துக்குள்ளேயே இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது வகைமை இல்லை. என் பொம்மைக்கு முன்கதை வேண்டும் என்பதற்காக அவர்கள் துக்கத்தை ஏற்றினால், அது இந்த விமானம் தாங்காத சுமை. எதைச் சுமக்கும் என்று கேட்கத் தெரிந்த புனைவுக்கு எதை ஏற்றக் கூடாது என்றும் தெரிய வேண்டும். வாலில் எண் எழுதவில்லை.

பொங்கலுக்கு மாமா வந்தார். லாரியைச் சுண்டுவிரலால் உள்ளே தள்ளிப் பார்த்தார். "ம், இப்ப ஏறுது" என்றார். வாலைப் பார்த்தார்.

"நம்பர் போடலையா மாப்ள? நம்பர் இல்லாத வண்டி செக்போஸ்ட் தாண்டாதே."

"இது எங்கயும் போகாது மாமா" என்றேன்.