490க்கு அப்புறம்?

பேதுரு ஒருநாள் இயேசுவிடம் வந்து, சகோதரன் எனக்குத் தப்பு பண்ணிக்கொண்டே இருந்தால் எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவை போதுமா என்று கேட்கிறார். ஏழு என்பதே ரொம்பத் தாராளம் என்று அவருக்கு நினைப்பு. மத்தேயு 18-ல் வரும் பதில், தமிழ் பைபிள்படி, ஏழெழுபது தரம். கால்குலேட்டரைத் தட்டினால் 490. சரி, 491-வது தப்புக்கு உதைக்கலாமா?

பைபிளில் எண்களை எப்படிப் படிப்பது என்கிற சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள அந்தச் சொல்லை எழுபத்தேழு என்றும் படிக்கலாம். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், ஆதியாகமம் 4-லும் அதே சொல் வருகிறது. காயீன் வம்சத்து லாமேக்கு, என்னைக் காயப்படுத்தினவனைக் கொன்றுவிட்டேன் என்று தன் இரண்டு மனைவிகளிடமும் பீற்றிக்கொள்கிறான். காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் தனக்காக எழுபத்தேழு மடங்காம். பழிக்குப் பழி என்று கொக்கரித்த எண்ணை எடுத்து மன்னிப்புக்குத் திருப்பிப் போட்டதுதான் இயேசுவின் பதில். லாமேக்கு ஞாபகம் வராவிட்டால் அது வெறும் பெருக்கல் கணக்கு.

40-ஐயும் இப்படித்தான் பார்க்கணும். நோவா காலத்து மழை 40 நாள். மோசே சீனாய் மலையில் இருந்தது 40 நாள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்தது 40 வருஷம். நினிவே நகரத்துக்குக் கெடு 40 நாள். இயேசுவின் உபவாசம் 40 நாள். நாற்பது என்றதும் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும்: சோதனைக் காலம், முடிந்ததும் ஏதோ மாறப்போகிறது. 'நூறு தடவை சொல்லிட்டேன்' என்று அம்மா திட்டினால் நாம் எண்ணியா பார்க்கிறோம்?

எல்லா எண்ணும் இப்படி மசியாது. யோவான் 21-ல் வலையில் சிக்கியவை 153 மீன்கள். ஏன் 153? கதை சொல்லவில்லை. ஹிப்போ நகரத்து பிஷப் அகஸ்டின் (354-430) மூளையைக் கசக்கினார். 1 முதல் 17 வரை கூட்டினால் 153. பத்துக் கட்டளையும் பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களும் சேர்ந்து 17. அழகான கணக்கு. ஆனால் மீன் பிடித்தவர்கள் எண்ணினார்கள், 153 இருந்தது என்பதும் ஒரு விளக்கம்தானே! அகஸ்டின் கணக்கால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வந்தது 2011-ல். கலிஃபோர்னியாவில் ஃபேமிலி ரேடியோ நடத்திய ஹெரால்ட் கேம்பிங், 5 என்றால் பாவநிவர்த்தி, 10 என்றால் முழுமை, 17 என்றால் பரலோகம் என்று வைத்துக்கொண்டார். மூன்றையும் பெருக்கி, வந்ததை மறுபடி அதாலேயே பெருக்கினார்: 7,22,500. கி.பி. 33 ஏப்ரல் 1, சிலுவையில் அறைந்த நாள் என்பது அவர் கணிப்பு. அதிலிருந்து அத்தனை நாள் எண்ணி, 2011 மே 21 நியாயத்தீர்ப்பு என்று அறிவித்தார். 1994-லேயே ஒருமுறை தேதி குறித்துத் தவறியவர். நம்பினவர்களில் சிலர் வேலையை விட்டார்கள், சேமிப்பைக் கரைத்து விளம்பரம் பண்ணினார்கள். மே 22 வழக்கம்போல விடிந்தது. அக்டோபர் 21-க்கு மாற்றிச் சொன்னார், அதுவும் பொய்த்தது. 2012-ல் தப்பை ஒப்புக்கொண்டார், 2013-ல் காலமானார். சேமிப்பு போனது போனதுதான்.

அவர் பெருக்கலில் பிழையில்லை. எண்ணைக் கதையிலிருந்து பிய்த்து எடுத்ததுதான் பிழை. அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று மத்தேயு 24 கூட்டல் கழித்தல் இல்லாமலே சொல்லியிருக்கிறது.

இனி யாராவது பைபிள் எண்ணைக் காட்டி உங்களைப் பயமுறுத்தினால் ஒன்று கேளுங்கள்: இந்த எண் எந்தக் கதையில், யார் வாயில் வருகிறது? பதில் சொல்லாமல் கால்குலேட்டரை எடுத்தார் என்றால், பர்ஸைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.