எந்த நிமிடத்துச் சிப்பாய்?

1941 மே 20-ஆம் தேதி காலை, கிரீட் தீவின் வடகரையில் மாலெமே விமானத்தளத்தைச் சுற்றி ஜெர்மன் பாராசூட் வீரர்கள் வானிலிருந்து இறங்கினார்கள். அன்று பிற்பகலில் ரெதிம்னோவிலும் ஹெராக்லியோனிலும் இறங்கினார்கள். பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு போர்க்களம் அமைக்கும் கலையில் ஈடுபட்டவர்களுக்கு அந்த நாளின் மீது தனி மோகம் உண்டு. மூன்று எஞ்சின் யூங்கர்ஸ் விமானங்கள், ஒலிவத் தோப்புகள், செம்மண், எதிரே பசிபிக் கடலோரத்திலிருந்து வந்த நியூசிலாந்துக்காரர்கள் என்று கண்ணுக்கு விருந்தாகும் எல்லாமே அதில் இருக்கின்றன. அமைக்கத் தொடங்குபவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் பெட்டியை வாங்குவது, தலைக்கவசத்துக்கு எந்தச் சாயம் பூசுவது என்பதுதான். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மேசைமேல் நிற்கப்போவது எந்த நிமிடம்? தரைப்போரில் பத்தரை மணிக்கு நிற்கும் சிப்பாயும் பதினொரு மணிக்கு நிற்கும் சிப்பாயும் பெரும்பாலும் ஒரே ஆளைப் போலத்தான் இருப்பார்கள். வானிலிருந்து இறங்கியவன் அப்படியில்லை. குதித்த கணத்தில் ஒருவன், தரை தொட்ட கணத்தில் வேறொருவன், அரைமணி கழித்து இன்னொருவன். இந்த மூவரையும் கலந்து வைத்தால் அந்தக் களம் எந்த நேரத்துக்கும் சொந்தமில்லாமல் போய்விடும்.

நிமிடத்தை முதலில் தீர்மானிக்கச் சொல்வதற்கு முதல் காரணம் வெறும் கணக்கு. பரவலாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் உருவங்கள் 72-இல் ஒரு பங்கு அளவில் வார்க்கப்பட்டவை. அந்த அளவில் ஓர் ஆள் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பான். கிரீட்டில் வீரர்கள் குதித்தது சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து. அதை 72-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது, பொம்மை விமானம் மேசைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தொங்க வேண்டும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு நொடியில் 50 மீட்டர் கடந்துவிடும். ஒரு நொடி இடைவெளியில் குதித்த இருவர் மேசையில் 70 சென்டிமீட்டர் தள்ளித்தான் விழுவார்கள். ஒரே விமானத்திலிருந்து இறங்கிய பன்னிரண்டு பேருக்கு இடம் கொடுக்க ஏழெட்டு மீட்டர் நீள மேசை வேண்டும். மாலெமேயை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குன்றுக்கு அதன் உயரத்தை வைத்தே 107 என்று பெயர். பொம்மை அளவில் அது ஒன்றரை மீட்டர். ஆகவே மாலெமே போர் முழுவதையும் ஒரு வீட்டுக் கூடத்தில் அமைக்க யாராலும் முடியாது. முடிவது ஒரு தோப்பின் மூலை, ஒரு வாய்க்கால் கரை, சில நிமிடங்கள். கொலுவில் பெரிய பெருமாளுக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு கிரிக்கெட் அணி நின்றால் கண் உறுத்துவதில்லை, அங்கே அளவுக்கு வேறு தர்மம். இங்கே இரண்டு வீரர்களை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி வைத்தாலே, வானிலிருந்து சிதறி விழுந்தவர்கள் என்ற உண்மை தொலைந்துபோகும்.

இனி ஜெர்மன் வீரனிடம் வருவோம். அவனுடைய பாராசூட்டின் கயிறுகள் முதுகுப் பக்கம் ஒரே இடத்தில் வந்து சேரும். தோளுக்கு மேல் பிடித்து இழுத்துத் திசை திருப்ப அவனுக்கு எதுவும் கிடையாது. விமான வாசலிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, முன்சாய்ந்தபடி தொங்கி, கையும் முழங்காலும் தரையில் மோத விழுந்து உருளுவான். முழங்கால் பட்டைகள் அதற்காகத்தான். ஆகவே இரண்டு கைகளாலும் மேலே கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கும் உருவம் எவ்வளவு அழகாக வார்க்கப்பட்டிருந்தாலும் அது பிரிட்டிஷ்காரனாகவோ அமெரிக்கனாகவோ இருக்கலாம், கிரீட்டில் இறங்கிய ஜெர்மானியன் ஆக முடியாது. தரை தொட்ட பிறகும் அவன் சண்டைக்கு ஆயத்தமில்லை. பெரும்பாலோர் கைத்துப்பாக்கி, கையெறி குண்டு, கத்தி ஆகியவற்றோடு மட்டும் குதித்தார்கள். சப்மெஷின் கன் சிலரிடம்தான் இருந்தது. துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் நீளப் பெட்டிகளில் தனிப் பாராசூட்டில் வந்தன. அந்தப் பெட்டி எங்கே விழுந்தது என்று தேடி ஓடுவதுதான் கிரீட் படையெடுப்பின் முதல் நிமிடங்கள். மாலெமேக்குக் கிழக்கே நியூசிலாந்துக்காரர்களின் நிலைகளுக்கு நேர்மேலே இறங்கிய ஒரு பட்டாலியனில் ஏறத்தாழ 600 பேரில் 400 பேர் வரை மாண்டார்கள். பெட்டியை எட்டாமலே விழுந்தவர்கள் அவர்களில் பலர்.

இந்த விவரம் தெரிந்த பிறகு பொம்மைப் பெட்டியைப் பார்த்தால் கண் மாறிவிடும். உடையே நேரத்தைச் சொல்லும். கயிறுகளில் சிக்காமல் இருக்க அவர்கள் தோட்டா வார்களையும் பைகளையும் முதலில் அணிந்து, அவற்றின் மேல்தான் குதிப்புச் சட்டையை மாட்டினார்கள். இறங்கியபின் சட்டையைக் கழற்றி, மீண்டும் போட்டு, அதன் மேல் வார்களைக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே சட்டைக்கு மேல் வார்களோடு, தோளில் துப்பாக்கி அணைத்துச் சுடும் உருவம் பிந்திய நேரத்தவன். அவனை ஒலிவ மரத்தில் பாராசூட் தொங்கிக்கொண்டிருக்கும் காட்சியின் நடுவே வைப்பது பிசகு. பாராசூட் வீரர்களுக்கென்றே பின்னர் உருவான எஃப்ஜி 42 துப்பாக்கியை ஏந்திய உருவத்துக்கு இந்தத் தீவிலேயே இடமில்லை, அது கிரீட்டுக்குப் பிறகு பிறந்த ஆயுதம். ஏர்ஃபிக்ஸ், இட்டாலெரி போன்ற நிறுவனங்களின் ஜெர்மன் பாராசூட் வீரர் பெட்டிகளில் நல்ல சிற்பவேலை இருக்கிறது. ஆனால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சுடுபவர்களும் குண்டெறிபவர்களும் ஓடுபவர்களுமே மிகுதி. அவர்களிலிருந்து முதல் நிமிடத்துக்குத் தேறுபவர்கள் சொற்பம். குனிந்தவன், தவழ்பவன், கையில் பிஸ்டல் மட்டும் உள்ளவன் ஆகியோரைப் பொறுக்கி எடுத்து, மற்றவர்களை இரண்டாம் காட்சிக்கு ஒதுக்க வேண்டும். ஓடுபவனின் கையிலுள்ள துப்பாக்கியைச் செதுக்கி எடுத்துவிட்டால் அவன் பெட்டியை நோக்கி ஓடுபவன் ஆகிவிடுவான். ஒரு பிளேடு வேலையில் ஒரு சிப்பாயின் முழுக் கதையும் மாறுவது இந்தக் கலையின் பெரிய இன்பங்களில் ஒன்று.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது எளிதில் தள்ளக்கூடியதும் இல்லை. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ பொம்மைப் போருக்கு விதி வகுத்த நூல். அங்கே சிப்பாயின் தோரணைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அவன் ஒரு காய். எத்தனை அங்குலம் நகர்ந்தான், பொம்மைப் பீரங்கியின் அடியில் விழுந்தானா நின்றானா என்பதே கணக்கு. விளையாட்டின் ஓட்டத்தில் ஒரே உருவம் இறங்குபவனாகவும் தேடுபவனாகவும் சுடுபவனாகவும் மாற வேண்டியிருக்கும்போது நிமிடம் பார்த்துப் பொறுக்குவது வீண் சிரத்தை என்பது அந்த மரபின் நியாயம். விளையாடுபவருக்கு நான் இதை மறுக்கமாட்டேன். மீண்டும் அமைப்பது வேறு வேலை. விளையாட்டில் களம் நகரும், கண் விதியின்மேல் இருக்கும். அமைத்த களம் நகராது, கண் ஒவ்வொரு உருவத்தின்மேலும் தங்கும். தங்கிய கண்ணுக்குத் தோரணையைத் தவிர வேறு மொழி கிடையாது. சீருடைத் துல்லியமே முதன்மை என்பவர்களுக்கும் இதே பதில்தான் பொருந்தும். சட்டையின் பச்சை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வெயிலில் வெளுத்தது என்று ஏற்கலாம். வார் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அப்படி ஏற்க முடியாது, அது நடந்ததையே மாற்றிவிடும்.

எதிர்த்தரப்பைத் தேர்வதிலும் இந்த அளவுகோல் பயன்படும். பிரிட்டிஷ் ‘எட்டாவது ராணுவம்’ என்ற பெயர் தாங்கிய பெட்டிகள் எளிதில் கிடைக்கும். அந்தப் படை 1941 செப்டம்பரில்தான் அமைந்தது என்பதால் பெயர் பொருந்தாது, உருவங்களில் பல பொருந்தும். ரெதிம்னோவில் இயன் காம்ப்பெலின் கீழ் போரிட்ட ஆஸ்திரேலியர்களுக்கு ஓரம் மடித்த தொப்பிக்காரர்களைச் சேர்க்கலாம். மாலெமேக்குத் தலைக்கவசம் போதும். இவர்கள் கிரேக்கப் பெருநிலத்திலிருந்து பின்வாங்கித் தப்பி வந்தவர்கள். பலர் கனரக ஆயுதங்களையும் கருவிகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஆகவே பை, போர்வை, கரண்டி எல்லாம் ஒழுங்காக மாட்டிய உருவங்களைக் குறைப்பது நல்லது. மாலெமேயின் விதி தீர்ந்ததோ ஒரு துப்பாக்கிச்சூட்டில் இல்லை. குன்று 107-ஐக் காத்த நியூசிலாந்தின் 22-ஆம் பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஆண்ட்ரூ, முன்னணிக் கம்பெனிகளோடு தொடர்பு அறுந்து, அவை அழிந்துவிட்டதாக நினைத்து அன்றிரவு பின்வாங்கினார். மறுநாள் விமானத்தளத்தில் ஜெர்மன் மலைப்படை வந்திறங்கத் தொடங்கியது. ஆக, அந்தப் போரின் மையமான தோரணை இருட்டில் சும்மா நடந்துபோகும் மனிதன். துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டு நடக்கும் உருவங்களை மந்தமானவை என்று பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்; மாலெமேயை அமைப்பவருக்கு அவைதான் பொக்கிஷம்.

இன்னொரு மறுப்பு கலையைத் தாண்டி அறத்தைத் தொடுவது. ஹிட்லரின் பாராசூட் வீரர்களை இவ்வளவு பரிவோடு பொறுக்கி, சாயம் பூசி, கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அவர்களைக் கொண்டாடுவதாகாதா? ஆகும், பெட்டியில் வருகிற வீரத் தோரணைகளை அப்படியே நிறுத்தினால். கிரீட்டின் ஆண்கள் பலர் சேர்ந்திருந்த கிரேக்கப் படையின் ஐந்தாம் டிவிஷன் பெருநிலத்திலேயே சிக்கிக்கொண்டதால், ஊரில் இருந்த கிழவர்களும் பெண்களும் சிறுவர்களும் பழைய வேட்டைத் துப்பாக்கி, கோடரி, அரிவாளோடு பாராசூட் வீரர்களை எதிர்த்தார்கள். அதற்குப் பழிவாங்க ஜெர்மானியர்கள் ஜூன் 2-ஆம் தேதி கொண்டோமரி கிராமத்தில் ஆண்களைச் சுட்டார்கள், மறுநாள் கண்டனோஸ் ஊரையே அழித்தார்கள். ஆகவே இந்த மக்கள் இல்லாத கிரீட் களம் வரலாற்றுப் பிழை; அறப்பிழையும் அதிலிருந்தே பிறக்கிறது. பரவலாக விற்கும் படைவீரர் பெட்டிகளில் இவர்கள் வருவதில்லை. அமைப்பவர்தான் உருவாக்க வேண்டும். ஏர்ஃபிக்ஸின் பழைய அரபியர் பெட்டியும் வேகன் டிரெயின் பெட்டியும் இதற்குக் கைகொடுக்கும். தொளதொளக் காற்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், தலையில் கருந்துணி ஆகிய கிரீட் உடையை அந்த உருவங்களின் மேல் களிமண் பசையால் கட்டிவிடலாம். மென்மையான பாலிதீனில் சாயம் உரியும் என்பதால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுவது அவசியம்.

கடைக்குப் போகும்போது வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. ஊர்மக்களுக்கு ஆகும் உருவங்களை முதலில் தேடி வாங்குங்கள், அவைதான் அரிதானவை, அவற்றுக்குத்தான் அதிக வேலையும் ஆகும். பிறகு நடந்துபோகும் நியூசிலாந்துக்காரர்கள். ஒரு விமானத்துக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் ஜெர்மானியர்களைக் கடைசியாக எடுத்தால் போதும். அவர்களில் கையில் நீளத் துப்பாக்கி உள்ளவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.