யார் வீட்டுக் கடிகாரம்

மருத்துவ நுழைவுத் தேர்வு முடிவு வந்த மறுநாள் பேப்பரில் ஒரு பேட்டி வரும். வருஷா வருஷம் அதே பேட்டிதான், படம் மட்டும் மாறும். மாலை, வாயில் லட்டு, ரெண்டு பக்கமும் படித்த அப்பா அம்மா. எப்பலேருந்து தயாரானீங்க என்று நிருபர் கேட்பார். எட்டாம் வகுப்பிலிருந்து என்று பதில் வரும். நாமும் அதைத் தகவலாக வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம். இதையே ஒரு பிரதியாக எடுத்துக் கட்டுடைத்துப் பாருங்கள், உள்ளேயிருந்து வருவது ஒரு பரம்பரைச் சொத்துக் கணக்கு. அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பில் தொடங்கவில்லை. ரெண்டு தலைமுறைக்கு முன்பே அந்த வீட்டில் யாரோ தொடங்கிவிட்டார்கள்.

இந்தப் பேட்டிக்கு ஒரு தம்பியும் உண்டு. 'தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு' என்று வழிகாட்டிப் புத்தகங்களில் வரும் கடைசி அத்தியாயம். நாற்பது நாள் கிராஷ் கோர்ஸ், தினம் இத்தனை வினா, தூக்கத்தைக் குறை என்று போகும். கிராஷ் கோர்ஸ் என்பது திருப்புதல். முதலில் பாடம் படித்தவன்தான் திருப்பிப் பார்க்க முடியும். பாடமே நடக்காத பிள்ளை எதைத் திருப்பும்?

எங்க அக்கா மகள் கதையைச் சொல்கிறேன். விருத்தாசலம் பக்கத்து ஊர். பத்தாவது முடித்துப் போய் அறிவியல் பிரிவு கேட்டாள். 'ஒனக்கெல்லாம் ஏறாது, வணிகவியல் எடு' என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். சொன்னவருக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். அன்றைய விதிப்படி, பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவக் கதவு அதோடு அடைபட்டது. பிளஸ் டூ முடித்துத் திருப்பூர் போனாள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த விதியைத் தளர்த்தியது. பிளஸ் டூ முடித்த பிறகு இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்றது. வயது உச்சவரம்பையும் அதற்கு முந்தைய வருஷமே எடுத்துவிட்டார்கள். அவள் வேலையை விட்டு வந்து திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தாள். அக்கா கம்மலை அடகு வைத்தது.

இங்கேதான் என் தப்பு. 2025 மே மாசமே எழுதிடு என்று நான் நெருக்கினேன். மேடையில் சாதியின் காலக் கணக்கைப் பற்றிப் பேசுகிறவன் நான், வீட்டுக்குள் அந்தப் பேட்டிக்காரன் கடிகாரத்தைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் நோட்டை எடுத்து வந்து கணக்குப் போட்டுக் காட்டினாள். "மாமா, 720 மார்க்குல பாதி உயிரியல். அது எனக்குப் புஸ்தகத்தை நாலு தடவ படிச்சா வந்துரும். பிசிக்ஸ் அப்படி வராது. வெக்டார் தெரியணும், திரிகோணமிதி தெரியணும். நான் கணக்கத் தொட்டது பத்தாவதுல. தெரியாம அடிச்சா ஒரு தப்புக்கு ஒரு மார்க் போவும். மொதல்ல பாடத்த முடிக்கிறேன், பரீட்சய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இந்த வரிசையை நான் படித்ததில்லை. பாடம் முதல், பரீட்சை பிறகு.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? 'பொண்ணு ரெண்டு வருஷமா சும்மா கெடக்குது.' பெரிய வீட்டுப் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் இருந்து படித்தால் அதற்கு 'டிராப்' என்று பெயர், மரியாதையான பெயர். 2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016-17இல் மருத்துவம் சேர்ந்தவர்களில், முந்தைய வருஷங்களில் பிளஸ் டூ முடித்துத் திரும்ப வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 12 பேர். நீட் வந்தபின் 2020-21இல் அது 71. லட்டு தின்னும் படத்துக்கு வெளியே நடப்பது இதுதான். காத்திருக்கக் காசுள்ளவன் காத்திருந்து உள்ளே போகிறான். சீக்கிரம் முடி, தூக்கத்தைக் குறை என்ற உபதேசம் மட்டும் நம்ம பிள்ளைக்கு.

தாமதத்தை ஒரே நாளில் உண்டாக்கவும் முடியும். 2017இல் அதைப் பார்த்தோம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176. அந்தப் பிள்ளை எதில் தாமதம்? எந்தப் பரீட்சைக்குப் படிக்கச் சொன்னார்களோ அதற்குப் படித்து முடித்தாள். ஓடி முடித்தபின் கோட்டை நகர்த்தினார்கள். அதே காலத்தில் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததும் ஊரறிந்த சங்கதி. அந்தத் திருட்டுக்கு யாரும் தாமதம் என்று பேர் வைக்கவில்லை. (2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது இதனால்தான்.)

2025 மே 4, ஞாயிறு. அவள் எழுதப் போகவில்லை. சாயங்காலம் யாரிடமோ வினாத்தாளை வாங்கிவந்து, அக்காவின் செல்போனில் மூணு மணி நேரம் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். கொசு. நடுவில் கரண்டு போய் வந்தது. முடித்துவிட்டு வந்து, "பயாலஜி முழுசாப் போட்டுட்டேன் மாமா. பிசிக்ஸ்ல நாப்பத்தஞ்சுக்குப் பதினேழுதான் தொட்டேன்" என்றாள். அடுத்த மாசம் எந்தப் பாடம் எடுக்கப்போற என்று கேட்டேன். "சுழற்சி இயக்கம்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொள்ளப் போனாள்.