தாமஸின் நூலும் கூடலூர் மலையும்

எம். எம். தாமஸ் நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 ஜூலை முதல் 1977 பிப்ரவரி வரை, எழுதியவற்றின் தொகுப்பாகிய ‘ரெஸ்பான்ஸ் டு டிரனி’ 1979-இல் வெளிவந்தது. இறையியல் மாணவர் இதனை இன்றும் வாசிக்க வேண்டுமென்பதே நம் கருத்து. அந்நாளில் சபைத் தலைவருள் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. மார்த்தோமா சபையின் யூஹானோன் மெத்ராப்போலித்தா பிரதமருக்கே மறுப்புக் கடிதம் எழுதினார். அவரைப் போன்றோர் மிகச் சிலரே. அயல்நாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1976-இல், நெருக்கடி நிலையின் நடுவிலேயே, இயற்றப்பட்டது. நம் நிறுவனங்களின் மௌனத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என எண்ணத் தோன்றுகிறது.

நூல் தேர்தலுக்கு முந்திய மாதத்தோடு நின்றுவிடுகிறது. இது ஆசிரியர் குற்றமன்று. ஆனால் 1977 மார்ச்சோடு ஜனநாயகம் மீண்டுவிட்டது எனக் கொண்டு நூலை மூடிவைக்கும் வாசகரோடு நாம் உடன்பட இயலாது. கூடலூரை நோக்குக. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மி உரிமையை ஒழிக்க 1969-இல் சட்டம் பிறந்தது. வழக்குகளோ பல்லாண்டுகள் நீண்டன. தோட்டங்களும் குடியேறியோரும் நிலத்தில் நிலைபெற, பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் தம் மூதாதையர் மண்ணிலேயே பட்டாவின்றி நின்றனர். வாக்குச் சீட்டு அவர்கள் கையிலும் இருந்ததே!

1980-களின் நடுவில் ‘அக்கார்டு’ என்னும் தொண்டு நிறுவனம் அங்கே பணி தொடங்கியது. வெளியார் தொடங்கியது, வெளிப்பணமும் பெற்றது. அதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அது மக்களுக்காக மனு எழுதுவதோடு நிற்கவில்லை. ஊர்தோறும் சங்கம் எழுந்தது. அவை சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாயின. 1988-இல் ஆதிவாசிகள் ஏறத்தாழப் பதினாயிரவர் நில உரிமை கேட்டுக் கூடலூர் வீதியில் நடந்தனர். தில்லியில் நிகழ்ந்த மாற்றம் இம்மலைக்கு வந்துசேரப் பதினோராண்டு ஆயிற்று என்போம்.

நீலகிரியில் நம் சபைகளுக்குப் பள்ளிகள் உண்டு, தோட்டங்களில் ஆலயங்கள் உண்டு. ஏழைக்காகப் பேசுவதில் நாம் பின்னிட்டதில்லை. ஏழை எழுந்து பேசும் கூட்டத்தில் பின்வரிசையில் அமரவோ நம் போதகர்களுக்குப் பயிற்சியில்லை. நம் பாடத்திட்டத்தில் அதற்கோர் இடமுமில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமைக் கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்துள்ளது. அச்சபையில் எழுந்து பேசும் துணிவை ஒரு பணியப் பெண் எங்கே பெற்றாள் என்று விசாரித்தால், நம் ஆலயத்தின் பெயரை அவள் சொல்வாளா?