ஒலியைத் தொட்டுச் சொல்லும் சொற்கள்

ஊசி வெடி ‘பட்’டென்று வெடிக்கிறது. சரம் ‘சடசட’வென்று பொரிகிறது. அணுகுண்டு ‘டமார்’ என்கிறது. நமத்துப்போன வெடி ‘புஸ்’ஸென்று அடங்குகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உருவாகி நாடெங்கும் போகும் இந்தச் சத்தங்களைச் சொல்லத் தமிழில் எவரும் தயங்கி நின்றதில்லை. இந்தச் சொற்கள் ஒலி பெரிதா சிறிதா என்பதோடு நிற்பதில்லை. எப்படித் தொடங்கியது, அறுந்ததா இழைந்ததா, உலர்ந்ததா ஈரமா என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. ஆனால் இசையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதே மொழிக்காரர்களின் கை ‘இனிமை’, ‘அருமை’ என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறது. இசையொலியின் தன்மையைச் சொல்லத் தமிழில் கலைச்சொற்கள் போதா என்று ஒரு குறை நெடுநாளாகக் கேட்கிறது. சொற்கள் இருக்கின்றன, அவற்றைப் பாமர வழக்கு என்றும் குழந்தைப் பேச்சு என்றும் ஒதுக்கியதால்தான் இல்லாததுபோல் தெரிகிறது என்பது என் கருத்து.

மரபு அவற்றை ஒதுக்கவில்லை. எழுத்துகளையே வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பகுத்த மொழி இது. வன்மையும் மென்மையும் விரலால் தொட்டு அறிகிற குணங்கள். காதுக்கு எட்டுவதை அவற்றால் வகுத்திருக்கிறார்கள். உரிச்சொல் பிறக்கும் இடங்களைச் சொல்லும் தொல்காப்பியம் இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றைக் காட்டி, அவற்றுள் இசையை முதலில் வைக்கிறது. துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்று ஒலிக்கு நான்கு சொற்களையும், கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்று ஆரவாரத்துக்கு நான்கையும் தனித்தனியே தருகிறது. செய்யுளின் ஓசைக்கு அது எண்ணும் 20 வண்ணங்களில் வல்லிசை, மெல்லிசை, நலிபு, உருட்டு, முடுகு, தூங்கல் எல்லாம் வருகின்றன. உருட்டுவதும் முடுக்குவதும் கையும் காலும் செய்கிற வேலை. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் வாசிப்பின் எட்டு வகைகளுள் வார்தல், வடித்தல், உந்தல், உருட்டல் ஆகியவற்றைச் சொல்லும்போதும் நரம்பின்மேல் விரல் செய்வதே பெயராகிறது. அந்தக் காப்பியத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளின் பெயர்களை விளக்கும் இடம் இன்னும் வெளிப்படையானது. கரடி கத்துவதுபோல் ஒலிப்பதால் கரடிகை. ‘சல்’லென்ற ஓசை உடையதால் சல்லிகை. பெரும்புலவர் ஒருவர், கருவியின் பெயருக்குக் காரணம் அதன் ஒலியே என்று தயக்கமின்றி எழுதியிருக்கிறார்.

கரடிகை இன்று நம் காதில் விழுவதில்லை. ஆனால் விருதுநகர் மாவட்டத்துக் கோயில் கொடைகளிலும் கம்பளத்து நாயக்கர் தேவராட்டத்திலும் உறுமி இன்னும் ஒலிக்கிறது; அந்தப் பெயரும் அதே வழியில் வந்ததுதான். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கிறார்கள். தோலும் குச்சியும் உராயும்போது எழுவது அடியின் ஒலி அன்று, இழுப்பின் ஒலி. விலங்கின் தொண்டையில் காற்று உரசி வருவதும் அப்படித்தான். ‘உறுமல்’ என்ற ஒரு சொல் ஒலி பிறக்கும் விதத்தையும் கேட்கிறவன் உடம்பில் அது செய்வதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இதற்கு ஈடாக ‘தாழ்ந்த அதிர்வெண் கொண்ட தொடர் ஒலி’ என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் அதைப் படித்து எவரும் உறுமியை அடையாளம் காண முடியாது.

இவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் ஒலிக்குறிப்புகள், இவற்றை வைத்து ஆய்வு செய்ய இயலுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறுவது உண்மைதான், ஆனால் கண்டபடி மாறுவதில்லை. பட், டக், டப் என்று வல்லினத்தில் முடிகிறவை அறுந்துபோகும் ஒலிகள். டங், டும் என்று மெல்லினத்தில் முடிந்தால் பின்னால் கார்வை உண்டு. சலசல, கலகல என்பவை நில்லாமல் ஓடுகின்றன. கரகர, கொரகொர என்பவற்றில் ரகரம் சொரசொரப்பைக் கொண்டுவருகிறது. அதனால்தான் கரகரத்த குரல் என்கிறோம், கொரகொரப்பான சுவர் என்கிறோம். தாளக் கருவிகளுக்கோ இந்தக் கேள்வியே எழாது. தா, தீ, தொம், நம் என்ற சொற்கட்டுகளை வாயால் சொல்லித்தான் மிருதங்கத்தையும் தவிலையும் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்திருக்கிறார்கள். அந்தச் சொல் துல்லியமற்றதாக இருந்திருந்தால் வாசிப்பு இன்று வரை வந்து சேர்ந்திருக்காது.

டெசிபல் இருக்கும்போது சொல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. செவியைக் காக்க அளவு வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. 1999-இல் வந்த விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு, அதாவது உச்ச அளவில் 145-க்கு, மேல் போகக் கூடாது என்கிறது. சரத்துக்கு வந்ததும் அந்த விதியே வேறு கணக்குப் போட வேண்டியிருந்தது: எத்தனை வெடிகள் கோத்திருக்கின்றனவோ அந்த எண்ணின் மடக்கையை 5-ஆல் பெருக்கி, ஒவ்வொரு வெடிக்கும் உரிய வரம்பில் கழிக்க வேண்டும். ஆயிரம் வாலாவில் ஒவ்வொன்றுக்கும் 15 டெசிபல் குறைகிறது. சரம் என்பது பல ‘பட்’களின் கூட்டல் அன்று என்பதைச் சட்டம் இப்படி ஒப்புக்கொள்கிறது. இலக்கணம் அதை முன்பே அறிந்திருந்தது. இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது. ‘சடசட’வில் ஒரு ‘சட’வை மட்டும் எடுத்துப் பேச முடியாது. சரத்திலிருந்து உதிர்ந்த ஒற்றை வெடியைக் கொளுத்தினாலும் காதில் விழுவது ‘சட’ அன்று, ‘பட்’. அந்தச் சூத்திரத்தில் வெடிகளின் எண்ணிக்கை உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள வேகம் இல்லை. அந்த வேகம் சொல்லில் இருக்கிறது. அளவு காட்டாத வேறொன்றும் உண்டு. ஒரே மருந்தானாலும் காகிதத்தை இறுக்கிச் சுற்றினால் ‘பட்’டென்று வெடிக்கும், சுற்று தளர்ந்தால் சீறி அடங்கும். வெடித்த பிறகு மீட்டர் ஓர் எண்ணைத் தருகிறது. சீறியது என்ற சொல்லோ சுற்றில் என்ன குறை என்பதற்கும் வழிகாட்டுகிறது.

அன்றாடப் பேச்சு இந்தச் சொற்களை வெடியோடு விட்டுவிடவில்லை. ஏமாற்றிய முயற்சி புஸ்வாணமாகிறது. நிறுத்தாமல் பேசுகிறவர் சரவெடியாகிறார். சீர்காழி கோவிந்தராஜனின் குரலைக் கணீர்க் குரல் என்றும் வெண்கலக் குரல் என்றும் மக்கள் சொன்னபோது, தட்டிய உலோகத்தின் கார்வையை அதில் கேட்டிருக்கிறார்கள். நல்ல இசை விமர்சனம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். தவிலின் வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள் எழுப்பும் ஒலியும், மறுபக்கம் கம்பு எழுப்பும் ஒலியும் எப்படி வேறுபடுகின்றன என்று எழுத, கேட்டவர்கள் சொல்லும் சொல்லை எடுத்தால் போதும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. சொல்லுக்குத் தடை இல்லை. பத்திரிகைகள் இன்றும் துள்ளலான ஒரு பாட்டைச் சரவெடி என்கின்றன. இனி வளரும் பிள்ளைகளில் பலர் அந்தச் சொல்லைப் பாட்டின் வேகமாக மட்டுமே அறிந்திருக்கக்கூடும், கரடியை வைத்தே கரடிகையை நாம் அறிவதுபோல.