விடுமுறை வாசிப்பும் வீட்டுத் தமிழும்

நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் சிங்கப்பூருக்குக் கோடை என்றொரு தனிப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. ஆயினும் கோடை வாசிப்பு என்று மேலை நாட்டார் வழங்கும் ஏற்பாடு நம் நாட்டிலும் வேறு பெயரில் நடந்துவருகிறது. ஜூன் மாதத்தின் நான்கு வார விடுமுறையும் ஆண்டிறுதியின் நெடு விடுமுறையுமே நமக்குக் கோடை. அந்நாட்களில் நூலகங்கள் சிறுவர்க்கும் குடும்பங்களுக்கும் பற்பல நடவடிக்கைகளை அமைக்கின்றன. கதை சொல்லல், பொம்மலாட்டம், வண்ணம் தீட்டுதல், புதிர்ப் போட்டி, கைவேலை என அவை விரிந்து செல்கின்றன. இவை யாவும் நன்னோக்கத்துடன் செய்யப்படுவன என்பதில் ஐயமில்லை. எனினும், இவற்றால் தமிழ்க் குழந்தை தமிழ் நூல் வாசிக்கும் குழந்தையாகிறதா என்ற வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டும். அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏற்பாட்டின் தோற்றம்

விடுமுறையில் சிறுவரை நூலகத்திற்கு ஈர்க்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர நூலகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதில் முனைந்தது. நெடிய கோடை விடுமுறையில் பள்ளிக் கல்வி நின்றுபோகும். அந்த இடைவெளியை நூல்கள் நிரப்ப வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இக்கருத்திற்கு ஆய்வின் துணை பிற்காலத்தில் கிடைத்தது. அட்லாண்டா நகரப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து பார்பரா ஹெயின்ஸ் என்பார் 1978-இல் வெளியிட்ட நூல், விடுமுறையில் வாசித்த நூல்களின் எண்ணிக்கைக்கும் மாணவரின் சொல்வள வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டென்று காட்டியது. பொது நூலகத்தின் பங்கினையும் அந்நூல் எடுத்துரைத்தது.

அங்கே எழுந்த கவலை, பள்ளியில் கற்றது கோடையில் தேய்ந்துவிடுமே என்பது. நம் நாட்டில் தமிழைப் பொறுத்தவரை அக்கவலை இன்னும் ஆழமானது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வாழும் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழியாக ஆங்கிலத்தைக் குறிப்பிட்டனர். 2010-இல் இது 32.3 விழுக்காடாக இருந்தது. பத்தே ஆண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றத்திற்குத் தமிழர் இல்லங்கள் விலக்கல்ல. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே வழங்கும் குழந்தைக்குப் பள்ளியின் தமிழ்ப் பாடவேளைதான் தமிழின் வாசல். விடுமுறை தொடங்கும்போது அந்த வாசலும் அடைபடுகிறது. கணக்கிலும் அறிவியலிலும் நேரும் தேய்வைப் பள்ளி திறந்தபின் ஓரளவு சரிசெய்துவிடலாம். நான்கு வாரம் ஒரு தமிழ்ச் சொல்லும் காதில் விழாத குழந்தையிடம் ஏற்படும் விலகலைச் சரிசெய்வது அத்துணை எளிதன்று. ஆகவே, விடுமுறை நூலகம் நமக்கு வெறும் பொழுதுபோக்கிடம் அன்று.

நூலகத்தின் பெருமை

குறைகளைப் பேசுமுன் நிறைகளைப் போற்றுவதே முறை. 1953-இல் வள்ளல் லீ கோங் சியான் 375,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்தபோது, நூலகம் பொதுமக்கள் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்று வேண்டினார். அந்நன்கொடையின் பயனாய் எழுந்த ஸ்டாம்ஃபோர்டு சாலைக் கட்டடம் 1960 நவம்பரில் திறக்கப்பெற்றது. 1970-இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை நூலகம் அமைந்தது. 1995-இல் தேசிய நூலக வாரியம் உருவானபின் நூலகங்கள் குடியிருப்புப் பேட்டைகளுக்கு நடுவே பெருகின. 2004-இல் தொடங்கப்பெற்ற கிட்ஸ்ரீட் திட்டம், வருமானம் குறைந்த குடும்பங்களின் 4 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தொண்டூழியர்களைக் கொண்டு நூல்களை வாசித்துக் காட்டியது. தமிழுக்கு ஆட்சிமொழி என்னும் தகுதியும் நூலகத்தில் தனி அலமாரியும் உள்ள நாட்டில் வாழ்கிறோம். இவ்வாய்ப்பு உலகில் எல்லாத் தமிழர்க்கும் கிட்டியதில்லை.

நிகழ்ச்சியும் வாசிப்பும்

இவ்வளவு வாய்ப்பு இருந்தும் குறை எங்கே? நிகழ்ச்சியே வாசிப்பு என்று நாம் மயங்கிவிடுவதில்தான் குறை இருக்கிறது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கதைசொல்லி பத்து நிமிடம் கதை கூறுகிறார்; எஞ்சிய நேரம் ஒட்டுவதிலும் வெட்டுவதிலும் வண்ணம் பூசுவதிலும் கழிகிறது. குழந்தை கையில் ஒரு காகித முகமூடியுடன் வீடு திரும்புகிறது. அக்கதை இடம்பெற்ற நூல் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. பெற்றோரோ, குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே கைப்பேசியுடன் அமர்ந்திருக்கிறார். குடும்ப நிகழ்ச்சி என்ற பெயர் இருந்தும் குடும்பம் அதில் பங்கு கொள்வதில்லை. குழந்தை பார்வையாளராகவும் பெற்றோர் காவலராகவும் இருக்கும் இடத்தில் வாசகர் என்று எவருமில்லை.

எண்ணிக்கையின் மீதுள்ள மோகம் இரண்டாவது குறை. எத்தனை நூல் இரவல் பெற்றாய், எத்தனை முத்திரை சேர்த்தாய் என்று கேட்டுப் பரிசளிக்கும் முறை எங்கும் பரவியுள்ளது. ஹெயின்ஸ் போன்றாரின் ஆய்வு பேசிய எண்ணிக்கை, வாசித்த நூல்களின் எண்ணிக்கை; இரவல் பெற்றவற்றின் எண்ணிக்கையன்று. பரிசைக் குறித்தும் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். படம் வரைந்தால் நற்சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்த குழந்தைகள், பின்னர்த் தாமாக வரைவதில் முன்னிலும் குறைந்த நேரமே செலவிட்டனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய சோர்வு காணப்படவில்லை. இயல்பான விருப்பத்தின் இடத்தில் கூலியை வைத்தால் விருப்பம் குன்றும் என்பதே இதனால் பெறப்படும் உண்மை. முத்திரைக்காகத் தமிழ் நூல் எடுக்கும் குழந்தை, முத்திரைத் திட்டம் முடியும் நாளில் தமிழையும் முடித்துக்கொள்ளக்கூடும். பரிசு வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பேரம் பேசித் தரும் பரிசைவிட, குழந்தை ஒரு நூலை விரும்பிப் படித்ததைக் கண்டு மகிழ்ந்து அளிக்கும் பரிசே சிறந்தது என்கிறோம்.

செவியிலிருந்து கண்ணுக்கு

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலை விடுமுறைத் திட்டங்கள் பலவும் கருதுவதில்லை. ஆங்கிலக் குழந்தை வீட்டில் கேட்கும் தொடருக்கும் ஏட்டில் காணும் தொடருக்கும் தொலைவு குறைவு. தமிழில் அத்தொலைவு பெரிது. ‘அம்மா வந்துக்கிட்டிருக்காங்க’ என்று வீட்டில் கேட்ட குழந்தை, ‘அம்மா வந்துகொண்டிருக்கிறார்’ என்று நூலில் காண்கிறது. ‘பாத்தேன்’ என்பது ‘பார்த்தேன்’ ஆகிறது. ‘வீட்டுக்குப் போறேன்’ என்பது ‘வீட்டிற்குச் செல்கிறேன்’ ஆகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தையும், தான் படித்தது தான் பேசும் மொழிதான் என்று உணராமல் திகைக்கிறது. வீட்டில் தமிழே கேளாத குழந்தையின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005-இல், வகுப்பறையில் நல்ல பேச்சுத் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வாழும் மொழியாய்த் தமிழ் நிலைக்க அது இன்றியமையாத பரிந்துரையே. ஆயினும் பேச்சிலிருந்து ஏட்டிற்குச் செல்லும் பாலத்தை வகுப்பறை ஒன்றே கட்டிமுடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அப்பாலம் மனிதக் குரலால் கட்டப்படுவது. பெரியவர் ஒருவர் நூலைக் கையில் ஏந்தி, வரிகளில் விரலை ஓட்டி, உரக்க வாசிக்கும்போது, எழுத்துத் தமிழின் ஓசை குழந்தையின் செவிக்குப் பழகுகிறது. ஒரு தொடரை நூலில் உள்ளபடி வாசித்து, உடனே பேச்சு வழக்கில் அதன் பொருளையும் சொல்லும்போது, இரண்டும் ஒரே மொழியின் இரு வடிவங்கள் என்பது குழந்தைக்கு விளங்குகிறது. ஒரே நூலை மூன்று முறை, நான்கு முறை கேட்ட பிறகு, குழந்தை அந்நூலைத் தானே படிக்கும் துணிவு பெறுகிறது. பத்து நூல்களை இரவல் வாங்குவதிலும் ஒரு நூலை நான்கு முறை கேட்பது தமிழ்க் குழந்தைக்குப் பயன் மிக்கது என்பது நம் துணிபு.

நூல்களின் தரம்

இனி நூல்களை நோக்குவோம். உரக்க வாசிப்பதற்கு ஏற்ற நூல்கள் நம்மிடம் உள்ளனவா? குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் நாடுகடந்து சிறுவர் நாவில் நிலைத்தமைக்கு அவற்றின் ஓசையும் எளிய சொல்லாட்சியும் காரணம். நம் நாட்டிலும் கவிஞர் க. து. மு. இக்பால் வானொலிக்காக 200க்கும் மேற்பட்ட சிறுவர் பாடல்களை எழுதினார். 2014-இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளிக்கப்பெற்றது. இவை காதுக்காக எழுதப்பட்டவை. காதுக்கு இனிமையானதை நாவும் விரும்பும். நா பழகியதைக் கண் தேடிச் செல்லும்.

இன்று வெளிவரும் சிறுவர் கதை நூல்களிலோ இத்தகுதி குறைவாகவே காணப்படுகிறது. முதலாவதாக, சொற்புணர்ச்சி குழந்தையை மிரட்டுகிறது. ‘அவனுக்கென்றொரு’ என அச்சிடுவதைக் காட்டிலும் ‘அவனுக்கு என்று ஒரு’ எனப் பிரித்து அச்சிடுவதால் இலக்கணம் சாய்ந்துவிடாது. குழந்தை நிமிர்ந்து படிக்கும். இரண்டாவதாக, தமிழகத்திலிருந்து வரும் நூல்களில் ஏற்றமும் கமலையும் திண்ணையும் வருகின்றன. அவை நம் மரபின் செல்வங்கள், தள்ளத்தக்கனவல்ல. ஆனால் அவற்றைக் கண்டிராத குழந்தைக்கு எடுத்துச்சொல்ல ஒருவர் அருகில் வேண்டும். மின்தூக்கியும் ஈரச்சந்தையும் உணவங்காடியும் அடுக்குமாடியின் கீழ்த்தளமும் இடம்பெறும் கதைகள் போதிய அளவில் இல்லாதது நம் எழுத்தாளர்களின் குறை. மூன்றாவதாக, நீதி சொல்லும் ஆவல் கதையை விழுங்குகிறது. கதை முடியும் முன்னரே ஆசிரியர் மேடையேறி அறிவுரை வழங்கத் தொடங்கினால், குழந்தை நூலை மூடிவிடுவதில் வியப்பில்லை.

வழிகள்

செய்யத்தக்கவை சில உண்டு. விடுமுறை நிகழ்ச்சிகளில் பெற்றோரை வெளியே நிறுத்தாமல் குழந்தையின் பக்கத்தில் அமர்த்த வேண்டும். கதைசொல்லி ஒரு பக்கம் வாசித்தால் அடுத்த பக்கத்தைப் பெற்றோர் தம் குழந்தைக்கு வாசிக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அதே நூலின் படிகள் பல அங்கேயே இரவல் பெறக் கிடைக்க வேண்டும். ஒரே படி இருந்தால் ஒரு வீட்டிற்குத்தான் போகும். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழித் தமிழர் சீ. இரா. ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளின் உட்கருத்தும் இதுவே அன்றோ? நூலைக் காத்து வைப்பதோடு அதனை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதும் நூலகத்தாரின் கடமை என்றே அவர் வற்புறுத்தினார்.

இதற்குத் தடை கூறுவோர் உண்டு. பெற்றோர் இருவரும் மாலைவரை பணிபுரிகின்றனர். அவர்களுள் பலருக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது என்பர். இது நியாயமான தடையே. ஆயினும் நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது பெரும்பாலான வீடுகளில் இயலும். தாத்தாவும் பாட்டியும் உள்ள வீடுகளில் அவர்கள் குரலைவிடச் சிறந்த கருவி வேறில்லை. தமிழ் தடுமாறும் தந்தையோ தாயோ குழந்தையுடன் சேர்ந்து தடுமாறிப் படிப்பதில் இழிவு ஒன்றுமில்லை. தமிழ் தன் பெற்றோரும் முயன்று படிக்கும் மொழி என்று காணும் குழந்தை அதனைத் தேர்வுப் பாடமாக மட்டும் எண்ணாது. பெரியவர் எவருக்குமே தமிழ் வாசிக்க இயலாத வீடுகளுக்குத் தொண்டூழிய வாசிப்பாளர்களை அனுப்ப, கிட்ஸ்ரீட் போன்ற திட்டங்கள் முன்மாதிரியாக உள்ளன.

எழுத்தாளர்களுக்கும் இதில் பங்குண்டு. ‘தமிழ் முரசு’ நாளிதழ் 1950களில் நடத்திய மாணவர் மணிமன்றம், சிறுவரை எழுதச் செய்து அவர்களிலிருந்து பிற்காலத்து எழுத்தாளர் பலரை உருவாக்கிய வரலாறு நாம் அறிந்ததே. வாசகரைத் தேடிச் சென்ற தலைமுறை அது. இன்று நம் சங்கங்கள் ஆண்டுதோறும் நூல் வெளியீடுகளை நடத்துகின்றன. பெரியோர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றன. அம்முயற்சியில் ஒரு சிறு பகுதியை, உரக்க வாசிக்கத்தக்க சிறுவர் நூல்களை எழுதுவதிலும், ஜூன் மாதத்தில் அந்நூல்களுடன் நூலகத்திற்குச் சென்று பெற்றோரும் பிள்ளைகளும் கேட்க வாசிப்பதிலும் செலவிடலாகாதா? இன்று எட்டு வயதில் தமிழ் நூலைக் கீழே வைத்துவிடும் குழந்தை, இருபது ஆண்டுகட்குப் பின் நம் நூல் ஒன்றைக் கையில் எடுக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. வரும் விடுமுறைக்குள் இப்பணியைத் தொடங்குவது நம் கடமையாகும்.